பீன்ஸ் சாறு மாத்திரையை நம்பி சுகர் மருந்தை நிறுத்தாதீர்கள்

வெள்ளை ராஜ்மாவிலிருந்து எடுத்த சாறு, சாப்பாட்டுக்கு முன் இரண்டு மாத்திரை, அப்புறம் எவ்வளவு சோறு சாப்பிட்டாலும் சுகர் ஏறாது. இப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். பணம் போவது சின்ன நஷ்டம். இதை நம்பி மெட்ஃபார்மினையோ இன்சுலினையோ நிறுத்துகிறவர்களுக்கு நேரும் கேடுதான் பெரிது.

சோற்றிலும் இட்லியிலும் உள்ள மாவுச்சத்தை முதலில் உடைப்பது எச்சில் சுரப்பிகளும் கணையமும் சுரக்கும் அமைலேஸ் என்ற நொதி. ராஜ்மாவில் உள்ள ஒரு புரதம் அந்த நொதியைப் பிடித்துக்கொள்ளும். இது பொய்யில்லை. ஆனால் கணையம் தேவைக்கு மேல் பல மடங்கு அமைலேஸைச் சுரக்கிறது. அதில் கொஞ்சம் முடங்கினாலும் மீதியே வேலையை முடித்துவிடும்.

அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் இந்த மாத்திரைகள் கொடிகட்டிப் பறந்தன. வயிற்று உபாதைப் புகார்கள் குவிந்தன. 1982 ஜூலையில் அங்கத்திய உணவு மருந்து நிர்வாகம் இவற்றை மருந்து என்று வகைப்படுத்தி, விற்பனையை நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஐந்து பேருக்கு 100 கிராம் மாவுச்சத்துள்ள உணவைக் கொடுத்து, மலத்தில் வெளியேறும் கலோரியை அளந்தார்கள். மாத்திரை தடுத்திருந்தால் சுமார் 400 கலோரி கூடுதலாக வெளியேறியிருக்க வேண்டும். மாத்திரை போட்ட நாளிலும் போடாத நாளிலும் சராசரியாக ஒரே அளவு, 80 கலோரிதான்.

பின்னாளில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் நன்றாகச் சுத்திகரித்த சாற்றைக் கொடுத்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைந்தது. விற்பவர்கள் பிடித்துத் தொங்குவது இதை. அந்தச் சாறு வேறு, டப்பாவில் வருவது வேறு. டப்பாவில் ‘500 மி.கி. பீன்ஸ் சாறு’ என்று எடை மட்டும் இருந்தால் அது எதையும் சொல்லவில்லை. எவ்வளவு அமைலேஸை முடக்கும் என்ற செயல்திறன் அலகு இருக்க வேண்டும். அது இருந்தாலும்கூட சர்க்கரை, வெல்லம், தேன், பழச்சாறு, பால் எதையும் இது தொடாது. அவற்றைச் செரிக்க அமைலேஸே வேண்டாம்.

‘எங்கள் வாடிக்கையாளருக்கு 180 இருந்தது 160 ஆனது’ என்று குளுக்கோமீட்டர் படம் காட்டுவார்கள். 100க்கு மேற்பட்ட அளவில் வீட்டு மீட்டருக்கே 15 சதவீதம் வரை பிழை அனுமதி உண்டு. 180 என்று காட்டும்போது ரத்தத்தில் 160ம் இருக்கலாம், 205ம் இருக்கலாம். அதே இட்லி, அதே எண்ணிக்கை, அதே நேரம், முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து, பல நாள் அளந்து ஒப்பிட்டால் ஒழிய அந்தப் படத்துக்கு மதிப்பில்லை.

மாத்திரையில் சரக்கு உண்மையாகவே இருந்தால் வேறு சிக்கல். செரிக்காத மாவு பெருங்குடலில் புளித்து வாயு, வயிற்று உப்புசம், பேதி தரும். மாவும் சீனியும் செரிப்பதைத் தாமதப்படுத்தும் சுகர் மருந்துகளான அகார்போஸ், வோக்லிபோஸ் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் கூடும். இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைக் கூட்டும் கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். 70க்குக் கீழே போனால் பிஸ்கட், பன் தேடாதீர்கள். அதில் உள்ள மாவைத்தானே தடுத்து வைத்திருக்கிறீர்கள். 15 கிராம் குளுக்கோஸ் பொடி, அதாவது தலைதட்டிய மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். அகார்போஸோ வோக்லிபோஸோ எடுப்பவர்களுக்குச் சீனியும் மெதுவாகத்தான் ஏறும், குளுக்கோஸே வேண்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்து, வீட்டிலேயே ராஜ்மாவை வறுத்துப் பொடித்துச் சோற்றில் தூவும் ‘குறிப்பு’. ஜப்பானில் 2006 மே மாதம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி இதைத்தான் சொல்லிக்கொடுத்தது: வெள்ளை ராஜ்மாவை மூன்று நிமிடம் வறுத்து அரைத்துச் சோற்றில் போடு, எடை குறையும் என்று. பார்த்துச் செய்த நூற்றுக்கணக்கானோர் வாந்தி பேதியில் விழுந்தார்கள், பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். காரணம் ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம். வேகாத ராஜ்மா நான்கைந்து போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் தொடங்கும். கொதிநிலைக்கு வராமல் அரைகுறையாகச் சூடாக்கினால் நச்சு இன்னும் அதிகமாகும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்க வேண்டும். அப்படி வேகவைத்தால் அமைலேஸைத் தடுக்கும் புரதமும் கெட்டுவிடும். ஆக, வீட்டுப் பொடியில் தடுப்பு மிஞ்சியிருந்தால் நச்சும் மிஞ்சியிருக்கக்கூடும். வெந்த ராஜ்மா நல்ல உணவு, சுண்டலாகச் சாப்பிடுங்கள், சோற்றைக் குறைத்துக்கொண்டு.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டில் ஊட்டச்சத்து மாத்திரைகளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ (Not for medicinal use) என்ற வாசகம் இருந்தாக வேண்டும். 14 இலக்க உணவு உரிம எண்ணும் வேண்டும். விளம்பரத்தில் சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று சொல்லிவிட்டு டப்பாவில் இந்த வாசகத்தைப் போட்டிருந்தால் அதுவே உங்கள் சாட்சி. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. விளம்பரம் மறைவதற்கு முன் திரைப்பிடிப்பு எடுங்கள். ரசீதையும் டப்பாவின் எல்லாப் பக்கப் படங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். மருந்தை நிறுத்தியிருந்தால் புகாருக்கும் முன்பாக டாக்டரைப் பாருங்கள். போகும்போது அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.