மழையைக் கேட்காமல் வீடு காட்டும் சேவை

கொழும்பில் வாடகை கட்டிக் களைத்த குடும்பங்களுக்கு மலைநாட்டில் வீடு தேடித் தருவதாகச் சொல்லும் ஒரு சேவையை நாங்கள் தை மாதத்திலிருந்து பயன்படுத்தினோம். குறை சொல்ல வேண்டிய இடங்கள் பல இருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. இதே முறையில் தொழில் செய்யும் தரகர்களிடம் போகிறவர்களுக்கும் இந்த மதிப்பீடு உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் தேவையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வாடகையோடு முற்பணமும் ஏறிக்கொண்டே போனது. நான் கணக்கு வேலையை வீட்டிலிருந்தே செய்பவன். மாதத்தில் ஓரிரு தடவை மட்டும் கொழும்பு அலுவலகத்துக்குப் போனால் போதும். எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு இதய நோய்க்கான கிளினிக் தவறக்கூடாது. மகள் அடுத்த ஆண்டு முதலாம் தரத்தில் சேர வேண்டும். ஆகவே நல்ல வைத்தியசாலை, தமிழ்மொழிப் பாடசாலை, கொழும்புக்கு ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய வழி, ஈரம் பிடிக்காத வீடு ஆகிய நான்கும் எங்களுக்கு இன்றியமையாதவை.

சேவை நடக்கும் விதம் எளியது. படிவத்தை நிரப்பிப் பதிவுக் கட்டணம் செலுத்தினால் ஒருவர் தொலைபேசியில் அழைத்து விபரம் கேட்கிறார். பிறகு சில ஊர்களில் உள்ள வீடுகளின் படங்களும் வாடகை விபரமும் வட்ஸ்அப்பில் வந்து சேர்கின்றன. நாம் தெரிவு செய்யும் ஊரில் போய் இறங்கினால், அந்த ஊர் முகவர் வாகனத்தோடு வந்து வீடுகளைக் காட்டுகிறார். ஒப்பந்தம் கைச்சாத்திடும்போது அரை மாத வாடகையைத் தரகாகக் கொடுக்க வேண்டும். ஒரு மாத வாடகையை முழுதாக வாங்கிக்கொள்ளும் தரகர்களோடு ஒப்பிட்டால் இது நியாயமான தொகை. எல்லாக் கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு தந்தார்கள். சொன்ன நேரத்துக்கு வாகனம் வந்தது. வீட்டுச் சொந்தக்காரரின் அடையாள அட்டைப் பிரதியையும் மின்சாரப் பட்டியலையும் கேட்காமலே காட்டினார்கள். இந்த ஒழுங்கைப் பாராட்டத்தான் வேண்டும்.

படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. மலையகத்தில் தொழில் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு இது அழகல்ல என்று எழுத்தில் அறிவித்தும் பதில் வரவில்லை. அதைவிடப் பெரிய குறை படிவத்தின் கேள்விகளில் இருக்கிறது. எத்தனை அறை, எவ்வளவு வாடகை, வாகனம் நிறுத்த இடம் வேண்டுமா, நகரிலிருந்து எத்தனை கிலோமீற்றர், ஜன்னலிலிருந்து மலைக்காட்சி தெரிய வேண்டுமா என்றெல்லாம் கேட்கிறார்கள். நோயாளர் இருக்கிறார்களா, பிள்ளை எந்தத் தரத்தில் சேர வேண்டும், குளிரும் ஈரமும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு கேள்வியும் இல்லை. உல்லாசப் பயணிகளுக்கு விடுதி பிடித்துக்கொடுக்கும் படிவத்தைச் சற்று மாற்றி எழுதியதைப் போல அது இருந்தது.

மலைநாட்டில் குடியேற நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது மலையின் எந்தப் பக்கம் என்பதையே; வாடகை அதற்குப் பிறகுதான். மத்திய மலைத்தொடரின் மேற்குச் சரிவில் இருக்கும் கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன் ஆகிய இடங்கள் தென்மேற்குப் பருவக்காற்றை நேராக வாங்குகின்றன. வட்டவளைப் பகுதி இலங்கையிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஜூன் பிறந்தால் செப்டெம்பர் வரை அங்கே துணி காய்வதற்கு அடுப்படியைத்தான் நம்ப வேண்டும். மலைத்தொடருக்குக் கிழக்கே ஊவாவில் நிலைமை நேர் எதிர். அதே மாதங்களில் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் வரண்ட கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் மணம் ஏறுவதும் அந்த வரட்சியில்தான். ஊவாவுக்குப் பெருமழை ஒக்டோபரில் இடைப்பருவ மழையாகத் தொடங்கி, ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு தொடர்கிறது. ரயிலில் சில மணி நேர இடைவெளியில் உள்ள இரண்டு ஊர்களின் மழைக்காலமே வேறு என்றால், வீடு காட்டும் சேவை அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எங்களுக்கு அனுப்பிய விபரத்தில் எல்லா ஊர்களுக்கும் "இதமான குளிர்" என்ற ஒரே வரிதான் இருந்தது.

ஹற்றன் வீடுகளை அவர்கள் பெப்ரவரியில் காட்டினார்கள். பெப்ரவரியில் ஹற்றன் வெயிலும் நீலவானமுமாக இருக்கும், யாருக்கும் பிடித்துப்போகும். பக்கத்து டிக்கோயாவில் எங்கள் சித்தப்பா குடும்பம் இருந்திராவிட்டால் ஆடி மாதத்து ஹற்றனைப் பற்றி எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. காட்டிய வீடுகளுள் ஒன்றில் புதிதாகப் பூசிய சுண்ணாம்புக்கு அடியில் பூஞ்சணம் கறுப்பாகத் தெரிந்தது. முகவர் அதை "பழைய கறை" என்றார். இன்னொன்று மாணிக்கப் பிள்ளையார் கோவிலுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தது. அம்மாவுக்கு அதை விட்டு வர மனமே இல்லை.

ஹற்றனுக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய உண்டு. தமிழ் காதில் விழாத கடைத்தெருவே அங்கே இல்லை. ஹைலண்ட்ஸ் கல்லூரியைப் போன்ற பேர்பெற்ற தமிழ்மொழிப் பாடசாலை ஊவாவில் அரிது. இந்திய உதவியில் கட்டி 2017 மே மாதம் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது. அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் பஸ் உண்டு. காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். ஆனால் டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் நகரம் யாத்திரிகர்களால் திணறுகிறது என்பதையும், நாங்கள் பார்த்த வீடுகளில் ஒன்று அந்தப் பஸ்கள் நிற்கும் வீதியிலேயே இருந்தது என்பதையும் சேவையில் ஒருவரும் சொல்லவில்லை.

நுவரெலியாவை நாங்கள் விரைவிலேயே கைவிட்டோம். 1868 மீற்றர் உயரம் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனி விழும் ஊரில் சுடுதண்ணீருக்கான மின்சாரக் கட்டணம் வாடகையில் மிஞ்சுவதைத் தின்றுவிடும். சித்திரை வசந்தகாலத்தில் உல்லாசப் பயணிகளுக்குக் கொடுப்பதற்காக வீட்டைச் சில வாரங்கள் காலி செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு சொந்தக்காரர் வந்தார். சேவை அதை "நெகிழ்வான ஒப்பந்தம்" என்று விபரித்திருந்தது. கண்டியைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. தேசிய வைத்தியசாலையும் நல்ல பாடசாலைகளும் இருக்கின்றன என்பது உண்மைதான். வாடகையும் வாகன நெரிசலும் கொழும்பை நினைவுபடுத்துகின்றன என்பதும் உண்மைதான்.

பண்டாரவளையில்தான் இந்தச் சேவையின் தரம் உயர்ந்தது. காரணம் நிறுவனத்தின் திட்டமிடல் அல்ல, அந்த ஊர் முகவர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். வாகனத்தில் ஏறியதும் அம்மாவின் கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தார். வீட்டு வாசலில் நான் காட்சியைப் பார்த்து நின்றபோது, "மலையைப் பிறகு பாக்கலாம் தம்பி, மொதல்ல பின்னால வந்து தண்ணித் தொட்டியப் பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் நீர் வழங்கல் சபையினுடையதா, தோட்டத்து ஊற்றா, கிணறா என்பதை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுச் சொன்னார். பண்டாரவளையில் இது வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல. உமாஓயா பல்நோக்கு நீர்த்திட்டத்துக்காகச் சுரங்கம் தோண்டியபோது நிலத்தடி நீர் அதற்குள் கசிந்து, சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடிப்புக் கண்டன. 2017இல் மக்கள் திரளாக வீதிக்கு வந்தார்கள். அந்தப் பகுதியில் கிணற்றை நம்பிய வீடு ஒன்றும் எங்கள் பட்டியலில் இருந்தது. படத்தில் மிக அழகானது அதுதான். சுவரில் இருந்த வெடிப்பைக் காட்டி, இது எப்போது பூசப்பட்டது என்று சொந்தக்காரரிடம் நேரில் கேட்டதும் அந்த ஆசிரியைதான்.

மண்சரிவைப் பற்றிப் பேசியவரும் அவர் ஒருவரே. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்ததையும் கண்ட பிறகு, சரிவில் இருக்கும் ஒரு வீட்டைக் காட்டும் எவரும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் அந்த இடம் எந்த வலயத்தில் வருகிறது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது என் கருத்து. சேவையின் கொழும்பு அலுவலகத்திடம் கேட்டபோது, அது காணி வாங்குபவர்களுக்குத்தான் தேவை, வாடகைக்கு இருப்பவர்களுக்கு அல்ல என்றார்கள். மண் சரியும்போது அது வீட்டுக்காரரையும் வாடகைக்காரரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்சுவர் எவ்வளவு உயரம், மழைநீர் போகக் கான் இருக்கிறதா, மேலே உள்ள மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா என்பவற்றை நாமே பார்த்துக்கொள்ளலாம். கிராம உத்தியோகத்தரிடம் கேட்டால் முன்பு அங்கிருந்து மக்களை வெளியேற்றினார்களா என்பதும் தெரியவரும்.

போக்குவரத்தைப் பற்றிய அவர்களின் விபரமும் திருத்தப்பட வேண்டியது. "ரயில் வசதி உண்டு" என்று பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் எழுதியிருக்கிறார்கள். பாதை 1894இலேயே பண்டாரவளைக்கு வந்துவிட்டது என்பது பெருமைக்குரிய செய்திதான். ஆனால் கொழும்பிலிருந்து பதுளை வரையிலான ஏறத்தாழ 290 கிலோமீற்றரை ரயில் பத்து மணி நேரமளவில் கடக்கிறது. ஒதுக்கிய ஆசனங்களுக்கு எல்ல போகும் உல்லாசப் பயணிகளோடு போட்டியிட வேண்டும். டித்வாவில் இந்தப் பாதை பல இடங்களில் சேதமடைந்ததைப் பார்த்தபின் வேலைக்கு ரயிலை மட்டும் நம்ப முடியாது. பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகப் போகும் பஸ்தான் என்னைப் போன்றவர்களுக்குக் கைகொடுக்கும். அதிலும் ஒரு நாள் முழுதாகப் போய்விடும். வாரந்தோறும் கொழும்புக்குப் போக வேண்டியவர்கள் ஊவாவை எண்ணவே கூடாது, ஹற்றனோடு நின்றுவிடுவது நல்லது.

வைத்தியசாலை விடயத்தில் பண்டாரவளை ஹற்றனைவிட எங்களுக்குப் பொருந்தியது. தியத்தலாவை ஆதார வைத்தியசாலை பக்கத்தில் இருக்கிறது. பெரிய கிளினிக்குகளுக்குப் பதுளை போதனா வைத்தியசாலைக்குப் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் போதும். பாடசாலை விடயத்தில்தான் சேவை எங்களை அந்தரத்தில் விட்டது. முதலாம் தரத்துக்கு, பாடசாலைக்கு அருகில் வசிப்போர் பிரிவில் விண்ணப்பிக்கும்போது, பெற்றோரின் பெயர் முந்திய ஆண்டுகளில் அந்த முகவரியில் வாக்காளர் இடாப்பில் இருப்பதற்குப் புள்ளிகள் கொடுக்கிறார்கள். கொழும்பிலிருந்து புதிதாக வருபவருக்கு அந்தப் புள்ளிகள் கிடைக்கா. பண்டாரவளை தமிழ் மத்திய மகா வித்தியாலயத்துக்கு எதிரே ஒரு வீட்டைக் காட்டி "பாடசாலைப் பிரச்சினை தீர்ந்தது" என்று கொழும்பு அலுவலகம் எழுதியிருந்தது. சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் வீட்டை உறுதி செய்யுமுன் வலயக் கல்வி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். சற்றுத் தள்ளியுள்ள, போட்டி குறைந்த பாடசாலைக்கு நடக்கக்கூடிய வீடே பல நேரம் மேலானது. நாங்கள் எடுத்த வீடும் அப்படிப்பட்டதே: காட்சி இல்லை, குழாய்த் தண்ணீர் இருக்கிறது, வாடகை கொட்டாஞ்சேனையில் கொடுத்ததில் பாதிக்கும் குறைவு.

சேவை காணி விற்பனையிலும் இறங்கியிருக்கிறது. அதை நாங்கள் பயன்படுத்தவில்லை. காட்டிய ஒரு துண்டை மட்டும் பார்த்தோம். ஒரு பேர்ச்சின் விலை மலிவாக இருந்ததன் காரணம் அது அரசாங்க அளிப்புப் பத்திரத்தில் உள்ள காணி, முழு உரிமை தரும் சின்னக்கர உறுதி அல்ல என்பது கேட்ட பிறகே வெளிவந்தது. உங்களுக்கென ஒரு சட்டத்தரணி இல்லாமல் இந்தக் காணி விற்பனையின் கிட்டவும் போகவேண்டாம்.

ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னால், பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் தேடுபவர்களுக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஆசிரியை வேலையை விட்டால் அது இரண்டாகும். ஹற்றனுக்கு இரண்டு, அங்கே உறவினரோ நண்பரோ இருப்பவர்கள் இந்தச் சேவை இல்லாமலே நல்ல வீடு பிடித்துக்கொள்ளலாம். நுவரெலியாவுக்கு ஒன்று. ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியைக் கைச்சாத்திடுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். நாங்கள் வற்புறுத்திய பிறகுதான் தந்தார்கள். பதிவுக் கட்டணம் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்படமாட்டாது என்பதைப் படிவத்தின் பின்பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.