சாவிக்கொத்தில் சின்னதா, பெல்ட்டில் பெரியதா: எந்த மல்டி டூல்?

தண்டையார்பேட்டையில் தம்பிகள் இரண்டு பேர் ஒரே வாரத்தில் இதையே கேட்டார்கள்: பல கருவிகள் ஒன்றாக மடங்கும் மல்டி டூலில், சாவிக்கொத்தில் மாட்டும் குட்டிக் கத்தியான விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்டி வாங்கவா, பெல்ட்டில் மாட்டும் பெரிய லெதர்மேன் வேவ் பிளஸ் வாங்கவா?

எடை: கிளாசிக் 21 கிராம், நீளம் 58 மி.மீ., சாவியோடு கிடப்பதே தெரியாது.
வேவ் 241 கிராம், பெல்ட் உறை இல்லாமல் சரிப்படாது.

விலை: வேவ் பல மடங்கு அதிகம்.

வேலை: கிளாசிக்கின் உயிரே அந்தக் குட்டிக் கத்தரிக்கோல்தான். பார்சல் டேப், மாத்திரை அட்டை, சட்டையில் பிரிந்த நூல் என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கை தானாக அதைத் தேடும்.
வேவில் கட்டிங் பிளேயர் இருக்கிறது. கிளட்ச் கேபிள் நுனி பிரிந்து நடுரோட்டில் வண்டி நின்றால் கத்தரிக்கோல் என்ன செய்யும்?

துரு: இரண்டும் ஸ்டெயின்லெஸ்தான், ஆனாலும் காசிமேட்டு உப்புக்காற்று சும்மா விடாது. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

சட்டம்: 2016 ஆயுத விதிகள் கட்டுப்படுத்துவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளை, இவை இரண்டின் அலகும் அந்த அளவைவிடச் சின்னதுதான். ஆனால் விமானத்தில் கைப்பையில் இரண்டுமே கூடாது. வேவின் கத்தி ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும், அதனால் கூட்டமான இடங்களுக்கும் மெட்ரோ சோதனைக்கும் அதை இடுப்பில் மாட்டிப் போகாதீர்கள்.

ஆபீஸ், கடை, கல்லூரி என்றால் கிளாசிக். ஒயரிங், மெக்கானிக், படகு வேலை என்றால் வேவ், அதுவும் டூல் பையில்.