பி.எட். இல்லாமல் பிளஸ் டூ வகுப்பு: இரண்டு வழியிலும் போய்ப் பார்த்தவன் கணக்கு

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த கையோடு 2017-இல் ஒரு மெட்ரிக் பள்ளியில் சேர்ந்தேன். பி.எட். இல்லை. தாளாளர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாக்பீஸைக் கையில் கொடுத்து ஓம் விதியை நடத்திக் காட்டச் சொன்னார். பத்து நிமிடத்தில் வேலை கிடைத்தது. நான்கு ஆண்டுகள் பிளஸ் டூவுக்குப் பாடம் எடுத்துவிட்டு, 2021-இல் வேலையை விட்டு, என்னைவிட ஐந்தாறு வயது இளையவர்களோடு பி.எட். வகுப்பில் போய் உட்கார்ந்தேன். என் சாய்வை மறைக்கப் போவதில்லை: பி.எட். பக்கம்தான்.

பி.எட். இல்லாமல் சேர்வதில் உள்ள லாபம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு ஆண்டும் கட்டணமும் மிச்சம், முதல் மாதமே கையில் காசு. எனக்கு 11,000 கொடுத்தார்கள். இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்பதைச் செலவில்லாமல் தெரிந்துகொள்ளவும் முடிகிறது. இந்த ஒன்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நீட் பயிற்சி மையங்களும் பி.எட். கேட்பதில்லை. அங்கே சனி, ஞாயிறுகளில் ஒரே ஒரு பருவம் போயிருக்கிறேன். பணம் நன்றாகவே வந்தது. முழுநேரமாக அதையே நம்பி இருப்பது எப்படி என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது.

என்னைக் கடைசியில் வெளியே தள்ளியது சம்பளம் அல்ல. நான் வேலை பார்த்த ஆண்டுகள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை, அதுதான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடம் நடத்த பி.எட். வேண்டும். பள்ளிக்கும் இது தெரியும். அதனால் கல்வித் துறையினர் ஆய்வுக்கு வரும் நாளன்று, "சார், இன்றைக்கு மட்டும் லேபில் இருங்கள்" என்பார்கள். வெர்னியர் காலிப்பர்களைத் துடைத்து அடுக்கியபடி, என் வகுப்பில் வேறொருவர் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். 2020-இல் சம்பளத்தைப் பாதியாக்கியபோது, காட்டிக் கேட்க என்னிடம் ஒரு காகிதம் இல்லை. வேலையை விடும்போது அனுபவச் சான்றிதழ் கேட்டேன். தந்தார்கள், "ஆய்வக உதவியாளர்" என்று. நான்கு பொதுத்தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்திருந்தேன்.

வேலையில் இருந்தபடியே தொலைநிலையில் பி.எட். முடித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) ஆகட்டும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகட்டும், ஏற்கெனவே தொடக்கக் கல்விப் பட்டயம் போல ஓர் ஆசிரியர் பயிற்சியை முடித்தவர்களுக்குத்தான் தொலைநிலை பி.எட். பட்டமும் அனுபவமும் மட்டும் வைத்திருப்பவர், எத்தனை ஆண்டு பாடம் நடத்தியிருந்தாலும், வேலையை விட்டுவிட்டுத்தான் கல்லூரிக்குப் போக வேண்டும். தள்ளிப்போடத் தள்ளிப்போட அது கடினமாகிறது. 23 வயதில் இரண்டு ஆண்டு சம்பளம் இல்லாமல் இருப்பதும், வீட்டுக்கு மாதாமாதம் பணம் கொடுத்துப் பழகிய பிறகு இருப்பதும் ஒன்றல்ல.

பி.எட். படிப்பை ஒரேயடியாகப் புகழவும் மனம் வரவில்லை. முதல் ஆண்டில் பாதி நேரம் சார்ட் ஒட்டுவதிலும் ரெக்கார்டு எழுதுவதிலும் போயிற்று. உளவியல் தாளை மனப்பாடம் செய்துதான் எழுதினேன். இரண்டாம் ஆண்டில் வரும் பதினாறு வாரப் பள்ளிப் பயிற்சிதான் போட்ட காசுக்கு ஈடு. அனுபவசாலி என்ற மிதப்போடு ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போனேன். மூன்றாம் நாள் வழிகாட்டி ஆசிரியை தம் குறிப்பேட்டை நீட்டினார். வகுப்பின் பெஞ்சுகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, நான் கேள்வி கேட்ட பிள்ளைகளின் இடத்தில் புள்ளி வைத்திருந்தார். எல்லாப் புள்ளிகளும் முதல் இரண்டு வரிசையில். "பின்னால் இருபத்தெட்டு பேர் இருக்கிறார்கள், தம்பி" என்றார். நான்கு ஆண்டுகளில் என் வகுப்பின் பின்பக்கம் வந்து உட்கார்ந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

பி.எட். முடித்தால் அரசு வேலை உறுதி என்று சொல்ல மாட்டேன். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வை எழுதலாம், அந்தப் பணிக்கு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு தேவையில்லை, அடிப்படைச் சம்பளம் 36,900-இல் தொடங்குகிறது, அவ்வளவுதான். ஒரு முறை எழுதினேன், தேறவில்லை. இப்போதும் தனியார் பள்ளியில்தான் இருக்கிறேன். ஆனால் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே "முதுகலை ஆசிரியர், இயற்பியல்" என்று இருக்கிறது.

ஒரு வேடிக்கை: கல்லூரியில் பாடம் நடத்த, உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட் போதும், பி.எட். வேண்டாம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லத் தேவையில்லாத பயிற்சி பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தேவைப்படுகிறது. அந்தத் தேர்வில் தேறியவர்கள் இந்தக் குழப்பத்துக்குள் வரவே வேண்டாம். பிளஸ் டூவிலேயே ஆசிரியர் வேலைதான் என்று முடிவெடுத்த பிள்ளை இருந்தால், மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தின் நான்கு ஆண்டு பி.எஸ்சி. பி.எட். படிப்பைப் பார்க்கலாம், ஓர் ஆண்டு மிச்சமாகும்.

வீட்டு நிலைமையால் இப்போதே சம்பாதித்தாக வேண்டும் என்பவர்கள் பி.எட். இல்லாமல் சேருங்கள், தவறில்லை. ஒரு கல்வியாண்டு மட்டும் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். சேரும் அன்றே, என்ன பதவி என்று எழுதிய நியமன ஆணையைக் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், சார்" என்பார்கள். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள்.