"வைஃபை கார்டு போர்டோடு ஒட்டியது" என்றால் உடனே நம்பாதீர்கள்: டர்பன் பக்கத்து மக்களுக்கு ஒரு எச்சரிக்கை

தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டில் மகளின் லேப்டாப்பில் வைஃபை நின்றுபோனது. அம்மா அதை டர்பன் நகரத்துக்குள் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தார். மூன்று நாள் கழித்து, "ஆன்ட்டி, உள்ளே இருக்கிற வைஃபை கார்டு போர்டோடு சால்டர் பண்ணி ஒட்டியது, மாற்ற முடியாது. இதைச் செருகிக்கொள்ளுங்கள், போதும்" என்று விரல்நகம் அளவு யூஎஸ்பி அடாப்டர் ஒன்றைக் கொடுத்து 950 ராண்ட் வாங்கிவிட்டார்கள். பில்லில் "வைஃபை ரிப்பேர்" என்று ஒரே வரி.

வீட்டில் பாட வீடியோ நின்று நின்று ஓடியது. ப்ளூடூத் ஹெட்செட்டும் சேரவில்லை. லேப்டாப் எங்கள் ரிப்பேர் மேசைக்கு வந்ததும் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தோம். கார்டு இருக்க வேண்டிய எம்.2 ஸ்லாட் (போர்டில் சிறு கார்டைச் செருகும் இடம்) காலி. அதைப் பிடிக்கும் ஒற்றைத் திருகும் இல்லை. கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆன்டெனா வயர்களைச் சுருட்டி, பேட்டரி ஓரமாக டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். சால்டர் பண்ணியதாகச் சொன்னது, ஒரு திருகைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் கார்டு. அது கடையிலேயே தங்கிவிட்டது. ப்ளூடூத் போனதும் அதனால்தான். பெரும்பாலான லேப்டாப்புகளில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே கார்டில் இருக்கின்றன.

கடைக்காரர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்பதால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. இப்போதைய மேக்புக்குகளிலும் மிக மெல்லிய சில விண்டோஸ் லேப்டாப்புகளிலும் வைஃபை சிப் போர்டோடு சேர்ந்தேதான் வருகிறது. உங்களுடையது எந்த வகை என்று கடைக்குப் போகுமுன்பே பார்த்துவிடலாம். எச்பி, லெனோவோ, டெல் மூன்றும் தங்கள் தளத்தில் மாடல்வாரியாகப் பழுதுபார்ப்புக் கையேடு போடுகின்றன. அதில் வயர்லெஸ் கார்டைக் கழற்றும் முறை தனியாக இருந்தால் அது கழற்றக்கூடிய கார்டு. இன்டெல் கார்டாக இருந்தால் மாடல் எண்ணின் வால் பகுதியே சொல்லிவிடும்: ஏஎக்ஸ்201க்குப் பின்னால் என்ஜிடபிள்யூ என்றால் 22க்கு 30 மில்லிமீட்டர் கார்டு, கழற்றலாம். டி2டபிள்யூ என்றால் போர்டில் சால்டர் பண்ணியது.

லேப்டாப்பைக் கையைவிட்டுக் கொடுக்குமுன் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியைத் திறந்து, கார்டின் முழுப் பெயரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வைஃபை செத்து அங்கே பெயரே வரவில்லை என்றால், கடைக்காரர் மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று கார்டின் லேபிளைப் படம் எடுங்கள். அதில் மாடலும் மேக் முகவரியும் (அந்தக் கார்டுக்கே உரிய அடையாள எண்) அச்சாகியிருக்கும். திரும்பி வந்த பிறகு அதே பெயரில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ் என்று போய்ப் பாருங்கள். பிசிஐ என்று தொடங்கினால் அது உள்ளே பொருத்திய கார்டு. யூஎஸ்பி என்று தொடங்கினால், எவ்வளவு பெரிய பெயர் எழுதியிருந்தாலும் அது வெளியே செருகும் துண்டுதான்.

பல நேரம் கார்டு செத்தே இருக்காது. விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக மெஷின் முழுதாக அணைவதில்லை. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தால் மறைந்த கார்டு திரும்ப வருவது உண்டு. கார்டு தெரிகிறது, ஆனால் ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்தால்தான் சிக்னல் கிடைக்கிறது என்றால் குற்றம் பெரும்பாலும் ஆன்டெனா வயரில். ஒன்று கழன்றிருக்கும், அல்லது கீல் அருகே நசுங்கியிருக்கும். கடற்காற்று படும் வீடுகளில் கார்டின் தங்கநிறப் பட்டைகள் மங்கிப்போகும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, கார்டைக் கழற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மறுபடி பொருத்தினாலே போதும். ஆன்டெனா முனையை வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். நகத்தால் நேராக மேலே தூக்குங்கள், திரும்பப் போடும்போது 'க்ளிக்' என்று உட்காரும்வரை நேராக அழுத்துங்கள். எந்த வயர் எங்கே என்பதற்கு நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கழற்றுமுன் ஒரு படம் எடுத்தால் தீர்ந்தது.

கார்டையே மாற்றுவதாகச் சொல்லும் கடையிலும் ஏமாற இடம் உண்டு. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 தனியாக வேலை செய்யும் கார்டுகள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 அப்படி அல்ல. வைஃபையின் பாதி வேலையை இன்டெல் சிப்செட்டே செய்ய வேண்டும், கார்டில் ரேடியோப் பகுதி மட்டும்தான். இந்த முறைக்குப் பெயர் சிஎன்விஐ. இன்டெல் அல்லாத, ஏஎம்டியின் ரைசன் சிப் உள்ள லேப்டாப்பில் 201ஐப் போட்டால் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஒருநாளும் ஓடாது. பழைய லெனோவோ திங்க்பேடிலும் எச்பியிலும் வேறொரு தொல்லை: மெஷினைத் தொடக்கி வைக்கும் பயாஸ் மென்பொருள் தன் பட்டியலில் உள்ள கார்டுகளை மட்டுமே ஏற்கும். பட்டியலில் இல்லாததைப் போட்டால் திங்க்பேட் 1802 என்ற பிழை எண்ணைக் காட்டி அப்படியே நின்றுவிடும்.

யூஎஸ்பி அடாப்டரைக் குறை சொல்லவில்லை. சால்டர் பண்ணிய சிப் செத்தால் அதுதான் வழி. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். பெட்டியில் 1200 என்று போட்டிருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300 மெகாபிட்டையும் 5 கிகாஹெர்ட்ஸின் 867ஐயும் கூட்டி, முழு எண்ணாக்கிச் சொல்வது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. செருகும் முனைக்குள் எட்டிப் பாருங்கள். நான்கு பட்டைகள் மட்டும் இருந்தால் அது யூஎஸ்பி 2.0, அதன் உச்சவரம்பே 480 மெகாபிட், கைக்கு வருவது 300 சொச்சம். உள்ளே தள்ளி இன்னும் ஐந்து சிறு பட்டைகள் தெரிந்தால் 3.0. அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது 150 மெகாபிட் வகை, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிப்பது. வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும் சாட்ஸ்வொர்த்தில், ஒன்றோடொன்று மோதாத மூன்றே சேனல்களை எல்லா வீட்டு ரூட்டர்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் இல்லாத அடாப்டரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பக்கத்து யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் ஓடினால் அதன் மின் இரைச்சலும் 2.4ஐக் கெடுக்கும்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 67: ரிப்பேரில் கழற்றிய பாகத்தைத் தனியாக எடுத்து வைத்து, நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலொழிய, உங்களிடமே திருப்பித் தர வேண்டும். செத்த கார்டாக இருந்தாலும் அது உங்களுடையது. பிரிவு 57: ரிப்பேரில் போட்ட புதுப் பாகத்துக்கும் அதைப் பொருத்திய வேலைக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம். பிரிவு 56: விற்ற பொருள் தரமில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணமோ, மாற்றுப் பொருளோ, சரிசெய்தலோ கேட்கலாம். எதைக் கேட்பது என்பது உங்கள் விருப்பம், கடையின் விருப்பம் அல்ல. முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். அவர்கள் மசியாவிட்டால் நுகர்வோர் பொருட்கள், சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம்.

அதற்கெல்லாம் பில் பேச வேண்டும். "வைஃபை ரிப்பேர்" என்ற ஒரு வரிப் பில்லை வாங்காதீர்கள். கழற்றிய கார்டின் மாடல், போட்ட பொருளின் மாடல், பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, பழைய கார்டு திருப்பித் தரப்பட்டது என்ற ஐந்தும் எழுதிய பிறகு பணத்தை எடுங்கள்.