மரவள்ளியா, மக்காச்சோளமா? ஸ்டார்ச் படலத்துக்கு எது தோது

பிளாஸ்டிக் தாள்போன்ற மெல்லிய மக்கும் படலத்தை ஸ்டார்ச்சில் வார்க்கத் தொடங்குபவர்கள் கைக்குக் கிடைத்த ஸ்டார்ச்சை எடுப்பார்கள். படலம் நொறுங்கினால், அதை இளக்கச் சேர்த்த கிளிசரினைக் குறை சொல்வார்கள். கோளாறு பெரும்பாலும் கஞ்சி காய்ச்சியதில்தான் இருக்கும். இரண்டு மாவுக்கும் பதம் வேறு.

மரவள்ளி ஸ்டார்ச்சில் அமைலோஸ் ஏறக்குறைய 17–20 சதவீதம், சாதாரண மக்காச்சோளத்தில் 25–28. அமைலோஸ் என்பது பெரும்பாலும் கிளையில்லாத நீண்ட குளுக்கோஸ் சங்கிலி. அது கூடக்கூடப் படலம் விறைப்பாகும். மக்காச்சோளத்தில் சிறிதளவு கொழுப்பும் உண்டு. அது அமைலோஸோடு பிணைந்து, ஸ்டார்ச் துகள் உப்புவதைத் தாமதப்படுத்தி, கஞ்சியை மங்கலாக்கும். மரவள்ளியில் கொழுப்பு சொற்பம். கஞ்சி கண்ணாடிபோலத் தெளியும்.

அளவு இரண்டுக்கும் ஒன்றே: காய்ச்சி வடித்த நீர் 100 மி.லி., ஸ்டார்ச் 5 கிராம், கிளிசரின் 1.5 கிராம். மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகே சூடேற்றுங்கள். கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும். மேலே வெந்து உள்ளே பச்சை மாவாகவே நிற்கும். அந்த இடம் படலத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், இழுத்தால் அங்கேதான் கிழியும்.

மரவள்ளிக்கு 80–85 டிகிரியில் 15 நிமிடம் போதும். ஓங்கிக் கடைந்தால் உப்பிய துகள்கள் உடைந்து கஞ்சி நீர்த்துவிடும். மக்காச்சோளத்துக்கு 95 டிகிரியில் அரை மணி நேரம் வேண்டும். 80-இல் நிறுத்தினாலும் பார்வைக்கு வெந்த கஞ்சிதான். ஒரு சொட்டில் அயோடின் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள்: உப்பிய துகள்கள் தனித்தனியாக, கருநீலமாக நிற்கும். 95-இலும் துகள் ஓடுகள் கொஞ்சம் மிஞ்சும். முழுதாகக் கரைய ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) 121 டிகிரி வேண்டும். மக்காச்சோளக் கஞ்சியைச் சுடச்சுட வார்த்துவிடவும் வேண்டும். ஆறினால் களிபோல இறுகித் தட்டில் பரவாது. மரவள்ளிக் கஞ்சி இந்த விஷயத்தில் பொறுமையானது.

9 செ.மீ. பெட்ரித் தட்டில் 20 மி.லி. ஊற்றி, 40 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தினால் சுமார் 0.15 மி.மீ. தடிமன் கிடைக்கும். அவசரப்பட்டு 70-க்கு ஏற்றினால் மேலே ஆடை படிந்து, ஈரம் உள்ளே தங்கி, ஓரம் சுருண்டு வெடிக்கும்.

ஈரம் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நீரும் கிளிசரினைப் போலவே ஸ்டார்ச்சை இளக்கும். மழை நாளில் சோதித்த மரவள்ளியையும் வெயில் நாளில் சோதித்த மக்காச்சோளத்தையும் ஒப்பிட்டால் அளந்தது வானிலையைத்தான். மூடிய பெட்டியில் மெக்னீசியம் நைட்ரேட்டின் தெவிட்டிய கரைசலை (மேலும் கரையாத அளவுக்கு உப்பைக் கரைத்த நீரை) வைத்து, 25 டிகிரியில் இரண்டு நாள் படலங்களை உள்ளே விடுங்கள். ஈரப்பதம் 53 சதவீதத்தில் நிற்கும். அதன் பிறகு இழுத்துப் பாருங்கள்.

நாள்பட இரண்டுமே விறைக்கும், மக்காச்சோளம் முந்திக்கொள்ளும். உள்ளே இருப்பது தெரிய வேண்டிய உறைக்கு மரவள்ளி, வடிவம் நிற்க வேண்டிய தட்டுக்கு மக்காச்சோளம் என்பதே எங்கள் தேர்வு. சேலம், நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு மரவள்ளி மாவு எளிதில் கிடைக்கும். அமிலம் போட்டு வெளுத்த மாவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கரைத்த மாவின் பி.எச். 4-க்குக் கீழே இருந்தால் காய்ச்சும்போதே சங்கிலிகள் அறுந்து, உரிக்கும்போது படலம் தூளாகும். பி.எச். 6 வரும்வரை அலசி, வடித்து, உலர்த்திய பிறகு எடை போடுங்கள்.