பெவேரியாவா, மெட்டாரைசியமா?

பூச்சிமருந்துக்குப் பதிலாகப் பூச்சியைக் கொல்லும் பூஞ்சாணம் வாங்க வரும் உழவர் பெரும்பாலும் பெவேரியா, மெட்டாரைசியம் என்ற இரண்டில் எதற்கு வீரியம் அதிகம் என்றே கேட்கிறார். பூச்சி எங்கே குடியிருக்கிறது என்று பார்த்து வாங்கினால் காசு வீணாகாது.

கொல்லும் முறையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. பூச்சி இவற்றைத் தின்ன வேண்டியதில்லை. உடல் மேல் ஒட்டிய பூஞ்சாண வித்து முளைத்து, நொதிகளால் தோலை இளக்கித் துளைத்து, உடலுக்குள் பரவிச் சில நாள்களில் அதைச் சாகடிக்கிறது. செத்த பூச்சியின் மேல் வெள்ளைப் பூசணம் நிலைத்தால் பெவேரியா. வெள்ளையாகத் தொடங்கிப் பச்சையாக மாறினால் மெட்டாரைசியம்.

தென்னையின் காண்டாமிருக வண்டுக்கு மெட்டாரைசியத்தையே தேர்ந்தெடுப்பேன். அந்த வண்டு எருக்குழியில் முட்டையிட, புழுக்கள் மாதக்கணக்கில் அங்கேயே வளர்கின்றன. வெயில் படாத, ஈரம் வற்றாத அந்தக் குழி பூஞ்சாணத்துக்கும் ஏற்ற இடமாக இருப்பதோடு, நோய் தொற்றிய வண்டு அடுத்த குழிக்கும் அதைச் சுமந்து செல்கிறது. ஆனால் குருத்தைக் குடைந்துவிட்ட வண்டைக் கம்பியால் குத்தி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வாழைத்தண்டுக் கூன்வண்டுக்குப் பெவேரியா பொருந்துகிறது. வெட்டிய தண்டை நீளவாக்கில் பிளந்து, வெட்டுமுகத்தில் பூஞ்சாணத்தைத் தடவிக் கவிழ்த்து வைத்தால், வாடைக்கு வரும் வண்டுகள் அதன் மேல் ஊர்ந்து நோயை வாங்கிக்கொள்கின்றன. இலைமேல் தெளிப்பதானால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். நண்பகல் வெயிலின் புற ஊதாக் கதிர் வித்துகளைச் சில மணி நேரத்தில் அழித்துவிடும்.

பெவேரியாவுக்கு ஒரு பழைய பழி உண்டு. 1835-இல் இத்தாலியின் அகஸ்தீனோ பாஸி, பட்டுப்புழுக்களைக் கொன்ற வெண்பூசண நோய்க்குக் காரணம் என்று காட்டியது இதே பூஞ்சாணத்தைத்தான். பெவேரியா பேசியானா என்ற அதன் முழுப்பெயரில் உள்ள பின்பெயரும் அவரால் வந்ததே. எனவே கிருஷ்ணகிரி, உடுமலைப் பக்கங்களில் மல்பெரித் தோட்டத்தை ஒட்டிய நிலத்தில் இதைத் தெளிக்கக் கூடாது. மெட்டாரைசியமும் பட்டுப்புழுவுக்கு முழுப் பாதுகாப்பானது என்று சொல்வதற்கில்லை.

வாங்கும்போது இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கைதான்: உள்ளே இருப்பது உயிர். தயாரித்த தேதி பழையதானாலும், கடையில் வெயில் படும் இடத்தில் கிடந்தாலும் அதன் பயன் குறைந்துவிடும். வாழையின் இலைப்புள்ளி நோய்க்குப் பூஞ்சாணக்கொல்லி அடித்த தெளிப்பானைக் கழுவாமல் அதிலேயே பெவேரியாவைக் கரைப்பவர், வண்டிடம் போகும் முன்பே அதைக் கொன்றுவிடுகிறார்.