ஆரையம்பதியிலிருந்து புளியந்தீவுக்கு: பஸ்ஸா, ஸ்கூட்டரா, சைக்கிளா?

மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் இருக்கிற எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "அக்கா, தவணைக்கு ஒரு ஸ்கூட்டர் எடுக்கட்டுமா, பஸ்ஸிலேயே வரட்டுமா? இல்லாவிட்டால் உங்களைப் போல சைக்கிளில் வந்து பார்க்கட்டுமா?" அவளுக்கு வீடு தாழங்குடாவில்; எனக்கு ஆரையம்பதியில். இருவருக்கும் ஒரே வீதி, ஒரே பாலம், எட்டரைக்கு ஒரே கையெழுத்துப் புத்தகம். தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதிலாக அது எனக்குத் தோன்றவில்லை. மூன்றிலும் வருடக்கணக்காகப் போய் வந்தவள் நான்.

முதலில் வழியைச் சொல்ல வேண்டும். ஆரையம்பதியிலிருந்து காத்தான்குடி, மஞ்சந்தொடுவாய், நாவற்குடா, கல்லடி. பிறகு கல்லடிப் பாலம். இறங்கி நகரத்துக்குள் திரும்பி இன்னொரு பாலம் தாண்டினால் புளியந்தீவு. எட்டுக் கிலோமீற்றர் சொச்சம் வரும். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் மேசை போலத் தட்டையான தரை. ஏறுவதற்கென்று இருப்பது பாலத்தின் முதுகு ஒன்றுதான். மலைநாட்டில் இருப்பவர்கள் சைக்கிளுக்குக் கொடுக்கிற கூலி எங்களுக்கு இல்லை. ஆனால் இது கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று சுற்றி வருகிற ஏ4 நெடுஞ்சாலை. தூரப் பஸ்களும் லொறிகளும் நம் தோளை உரசிக்கொண்டுதான் போகும்.

பஸ்ஸின் நல்ல பக்கத்தை மறைக்க மாட்டேன். கார்த்திகை மழையில் அதைப் போல ஒரு கூரை இல்லை. காய்ச்சலாக இருந்தால், கையில் இரண்டு பை இருந்தால், முழங்கால் வலித்தால் பஸ்தான். களுவாஞ்சிக்குடியிலிருந்து வருகிற ஒருவரிடம் போய் நான் சைக்கிள் பெருமை பேசினால் அது நியாயமில்லை. அவருக்கு பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லை.

என் வழக்கு நேரத்தைப் பற்றியது. காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் எங்கள் சந்திக்கு வருகிற பஸ்கள் கல்முனைப் பக்கத்திலேயே நிறைந்துவிடுகின்றன. ஒன்று நிற்காமல் போகும். அடுத்தது நிற்கும், ஆனால் மிதிபலகையில் மட்டுமே இடம் இருக்கும். மூன்றாவது காத்தான்குடியில் ஆள் சேர்வதற்காக ஊர்ந்துகொண்டே இருக்கும். பின்னால் இன்னொரு பஸ் தெரிந்த கணத்தில் பறக்கத் தொடங்கும். ஓடுகிற ஓட்டம் இருபது நிமிடம்தான். வீட்டுப் படலையைச் சாத்தியதிலிருந்து அலுவலகப் படி ஏறும் வரை எண்ணினால் ஒரு நாள் முப்பது நிமிடம், இன்னொரு நாள் எழுபது. எழுபதுக்குத் தயாராக ஏழு மணிக்கே புறப்பட வேண்டும். முப்பதில் போய்ச் சேர்ந்த நாளில் மிஞ்சிய நாற்பது நிமிடத்தைப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று செலவழிப்பேன். வீட்டில் பிள்ளைக்குத் தலை இழுத்துவிட்டு வந்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்ளும்.

இன்னொன்றும் இருக்கிறது, பெண்களுக்கு நன்றாகத் தெரிந்தது. "அக்கா, கொஞ்சம் உள்ளே போங்கள்" என்று நடத்துனர் சொல்லச் சொல்ல உள்ளே தள்ளப்பட்டு, இரண்டு கையும் மேல் கம்பியில் தொங்கும்போது, நெரிசலைச் சாட்டாக வைத்துக்கொண்டு உரசுகிற ஒரு கை எங்கிருந்தாவது வரும். திரும்பி முறைத்திருக்கிறேன், சத்தம் போட்டிருக்கிறேன், ஒருமுறை குடைப்பிடியால் இடித்தும் இருக்கிறேன். அடுத்த நாளும் அதே பஸ்ஸில்தான் ஏற வேண்டும். அப்படிக் கழிந்த வருடங்களை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. பஸ்ஸுக்குக் கொடுக்கிற விலையைக் கணக்குப் பார்க்கிறவர்கள் டிக்கெட்டோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கூட்டர் பற்றி ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். வேகத்தில் அதுதான் முதல். பதினெட்டு நிமிடத்தில் போய் இறங்கலாம், வியர்க்காது, சேலை கசங்காது. ஒரு நாளைக்குப் பதினாறு கிலோமீற்றர், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் எண்பது. இரண்டு லீற்றர் பெற்றோலுக்குள் அடங்கிவிடும். ஆனால் தவணை, காப்புறுதி, வருடா வருடம் வரி அனுமதிப்பத்திரம், எஞ்சின் எண்ணெய் எல்லாம் அந்த இரண்டு லீற்றருக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. நாங்கள் 2022ஐ மறக்கவில்லை. அந்த வருடம் ஜூன் இறுதியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் வேதனை. வெயிலில் ஸ்கூட்டரைத் தள்ளித் தள்ளி வரிசையில் நின்று, மாலையில் வெறுந்தாங்கியோடு வீடு திரும்பியிருக்கிறேன். பிறகு கியூஆர் அட்டை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று ஆனபோது மூச்சு வந்தது. ஆனால் அதற்குள், பின்கோடியில் விறகோடு சாய்ந்து கிடந்த அம்மாவின் பழைய லுமாலா சைக்கிளை நான் வெளியே எடுத்துவிட்டேன். ஸ்கூட்டர் இப்போதும் வீட்டில் இருக்கிறது. தம்பி ஓட்டுகிறான், இரவில் அவசரமாக வைத்தியசாலைக்குப் போகவும் அதுதான் உதவுகிறது. அதை நான் குறைத்துப் பேசவில்லை.

முச்சக்கர வண்டி தினசரிப் பயணத்துக்கு ஆகாது. மூன்று பேர் சேர்ந்து மாத வாடகைக்குப் பேசினால் ஒருவேளை கட்டுப்படியாகும். ஒருவர் லீவு எடுத்தாலும் கணக்குக் குழம்பும்.

இனிச் சைக்கிள். பெண்கள் சைக்கிள், குறுக்குக் கம்பி இல்லாதது, முன்னால் கூடை, பின்சில்லுக்கு இரண்டு பக்கமும் வலை. அந்த வலை அலங்காரத்துக்குப் போட்டது என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். சேலை கட்டிக்கொண்டு ஏறிய முதல் நாள்தான் அதன் அருமை தெரிந்தது. முந்தானையை இடுப்பில் செருகி, கொசுவத்தை முழங்காலுக்குக் கீழே ஓர் ஊசியால் சேர்த்துக் குத்திவிட்டால் கம்பிக்குள்ளும் செயினுக்குள்ளும் துணி போகாது. செயின் கவர் முழுதாக மூடியிருக்க வேண்டும். பாதிக் கவர் போட்ட சைக்கிளில் சேலையோடு ஏறவே கூடாது.

முப்பத்தைந்து நிமிடம். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டதற்கு முதற்காரணம் இந்த எண்தான். நேற்று முப்பத்தைந்து, இன்றைக்கும் முப்பத்தைந்து, காற்று எதிர்த்தால் நாற்பது. ஏழு ஐம்பதுக்குப் புறப்பட்டால் எட்டரைக்கு முன்னால் கையெழுத்து வைக்கிறேன். பஸ் வாங்கிக்கொண்ட அந்த நாற்பது நிமிடம் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. சராசரியில் பஸ் பின்னால் நிற்கவில்லை, சில நாள் முந்தியும் போகிறது. ஆனால் எந்த நாளில் என்று முதல் நாள் இரவு யாருக்கும் சொல்லத் தெரியாது. பிள்ளையும் அடுப்பும் வைத்திருக்கிற ஒருத்திக்கு அந்தச் சில நாள் வேகத்தால் ஒரு பயனும் இல்லை.

காற்று பற்றியும் சொல்ல வேண்டும். மார்கழி, தையில் காலையில் வடக்கே போகும்போது வாடைக்காற்று முகத்தில் அடிக்கும். ஆனி, ஆடியில் மாலையில் தெற்கே திரும்பும்போது கச்சான் காற்று எதிரே வரும். அடுப்பைத் திறந்து வைத்தது போன்ற காற்று, உதடு வெடிக்கும். வெயிலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. காலையில் வடக்கு நோக்கிப் போகிறேன், சூரியன் கடல் பக்கம், என் வலது கையில். மாலையில் தெற்கு நோக்கி வருகிறேன், சூரியன் வாவிப் பக்கம் இறங்கியிருக்கும், மறுபடியும் என் வலது கையில். இரண்டு கையையும் மேசையில் சேர்த்து வைத்தால் வலது கை இரண்டு நிறம் கறுத்திருப்பது தெரியும். முழுக்கைச் சட்டை போடத் தொடங்கிய பிறகுதான் அது கொஞ்சம் மட்டுப்பட்டது.

வியர்வைதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. ஆமாம், வியர்க்கும். அவசரப்படாமல் உழக்கினால் பாதி குறையும். பையைத் தோளில் மாட்டாமல் கூடையில் வைத்தால் முதுகு நனையாது. போய்ச் சேர்ந்ததும் முகம் கழுவி, ஐந்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே இருந்தால் போதும். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது அநேகமாக வியர்வையே நினைவுக்கு வராது. இரண்டு பக்கமும் தண்ணீர், கீழே வலை வீசுகிற தோணி. பக்கத்திலேயே 1924இல் கட்டிய பழைய பாலம் நிற்கிறது. 2013இல் புதியது திறக்கும் வரை அந்த ஒடுங்கிய பாலத்தில்தான் ஒரு பக்கத்து வாகனங்கள் கடந்து முடியும் மட்டும் மறுபக்கம் காத்து நிற்கும். இன்றைக்கு அகலமான பாலத்தில் ஓரமாகப் போகும்போது அந்தக் காத்திருப்பு நினைவுக்கு வருகிறது.

ஆனால் பயமும் உண்டு. அதை மறைத்துப் புதியவளை இழுத்துவிடக் கூடாது. காத்தான்குடிப் பிரதான வீதியில் நடுவே பேரீச்ச மரங்கள் அழகாக நிற்கின்றன. அந்த நடுத்திட்டால் வீதி இரண்டாகப் பிரிந்து, இடது ஓரத்தில் நிறுத்திய வாகனங்களுக்கும் பின்னால் வருகிற பஸ்ஸுக்கும் நடுவில் சைக்கிளுக்கு மிஞ்சுவது இரண்டு முழம். நிறுத்தி வைத்த வாகனத்தின் கதவு எந்த நேரமும் திறக்கலாம். நான் ஒரு கதவளவு தூரம் விட்டுத்தான் ஓட்டுவேன். பின்னால் ஹோர்ன் அடித்தாலும் ஓரத்துக்குள் ஒடுங்க மாட்டேன். கல்லடிப் பக்கத்தில் பழைய கல்முனை வீதியால் திரும்பிக்கொண்டால் சத்தம் குறையும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள் கூட்டமும் துணைக்கு வரும்.

இருட்டினால் கட்டாக்காலி மாடுகள். மார்கழியில் ஆறு மணிக்கே வெளிச்சம் போய்விடுகிறது. கறுத்த மாடு ஒன்று தாரின் நடுவே படுத்துக் கிடந்தால் எதிரே வருகிற வாகனத்தின் ஒளியில் அது கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை அதன் கொம்புக்கு ஒரு சாண் தூரத்தில் பிரேக் பிடித்து நின்றேன். கை நடுக்கம் வீடு வரும் வரை தீரவில்லை. மறுநாளே முன்னுக்கு ஒரு விளக்கும் பின்னுக்கு ஒரு சிவப்பு விளக்கும் வாங்கினேன்.

காற்றுப் போவதும் உண்டு. போன பங்குனியில் மஞ்சந்தொடுவாயில் வைத்துப் பின்சில்லு சொத்தென்று உட்கார்ந்தது. வீதியோரத்துக் கடையில், "நானா, எட்டரைக்குள் போக வேண்டும்" என்றேன். "பத்தே நிமிடம், தங்கச்சி" என்றார். டியூபை உருவிக் காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி மெல்லச் சுற்றினார். ஓரிடத்தில் ஊசி முனையளவு குமிழிகள் கோர்வையாக எழுந்தன. அங்கே துடைத்து, அரத்தால் தேய்த்து, பசை பூசி ஊதி ஆறவைத்து, ஒட்டைப் போட்டு அமுக்கினார். முடிந்தது என்று நான் எழுந்தபோது அவர் டயரின் உட்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். மயிர் தடிப்பில் ஓர் இரும்புக் கம்பியை இடுக்கியால் இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தேய்ந்த லொறி டயர்கள் உதிர்க்கிற கம்பியாம். அதை எடுக்காமல் ஒட்டு மட்டும் போட்டிருந்தால் கல்லடிக்கு முன்னால் மறுபடியும் காற்றுப் போயிருக்கும். அன்றைக்கு எட்டு முப்பத்தெட்டுக்குக் கையெழுத்து வைத்தேன்.

மழைக்காலத்தில் நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. ஐப்பசி கடைசியிலிருந்து தை நடுப்பகுதி வரை வானத்தைப் பார்த்துத்தான் முடிவு. தூறலுக்கு மழைச்சட்டை போதும். ஈரமான இரும்பு விளிம்பில் பிரேக் கட்டைகள் வழுக்கும், ஆகவே வழமையைவிட முன்னதாகவே பிடிக்கத் தொடங்க வேண்டும். கொட்டுகிற மழையில், பள்ளம் எது வீதி எது என்று தெரியாத தண்ணீரில், பஸ்தான். கடல் உப்புக் காற்றுக்குச் செயின் ஒரு வாரத்தில் சிவந்துவிடும். ஞாயிறுதோறும் பழந்துணியால் துடைத்து இரண்டு சொட்டு இயந்திர எண்ணெய் விடுகிறேன். தேங்காய் எண்ணெய் விடக் கூடாது, பிசினாகி மணலைப் பிடித்துக்கொள்ளும்.

அந்தத் தங்கச்சிக்கு நான் சொன்னது இதுதான்: இப்போதைக்குத் தவணைக்கு எதையும் எடுக்காதே. தாழங்குடா இன்னும் கொஞ்சம் தள்ளி. உனக்கு நாற்பத்தைந்து நிமிடம் பிடிக்கும். வாரத்தில் மூன்று நாள் சைக்கிள், இரண்டு நாள் பஸ் என்று இரண்டு மாதம் வந்து பார். இருட்டும் வரை வேலை இருக்கிற நாளில் பஸ்ஸில் போ. ஸ்கூட்டர் தேவை என்று அதன் பிறகும் தோன்றினால் எடு, நானே கூட வந்து பார்க்கிறேன்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வீதியில் பஸ் பெருகுவதற்கு முன்னால், ஆரையம்பதியில் நிற்பேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் மாமியின் சைக்கிளை இரவல் வாங்கி வருகிறாளாம். மாமி குட்டையானவர்; இருக்கையை உயர்த்தாமல் உழக்கினால் பாலத்துக்கு முன்னாலேயே முழங்கால் நோகும். கூடையில் ஸ்பானர் போட்டு வைத்துவிட்டேன்.